ப்ராக்ஸி போட்டால் யாரிடமிருந்து மறைகிறோம்?

2008-ல் எங்கள் விடுதியில் ஆர்குட் திறக்காது. எங்களுக்கும் நெட்டுக்கும் நடுவில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி, அதாவது நமக்குப் பதிலாகத் தளங்களோடு பேசும் இடைத்தரகர் சர்வர், உட்கார்ந்திருந்தது; பிரவுசரில் அதன் முகவரியோடு 3128 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால்தான் நெட்டே வரும். சீனியர் ஒருவர் ஒரு வெப் ப்ராக்ஸி முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பெட்டியில் எதைத் தட்டினாலும் திறந்தது. கொண்டாட்டம்தான். அதே பெட்டி வழியாக மெயிலுக்குள்ளும் போய்த் தொலைத்தேன். பத்தே நாளில் மாமா போன் செய்தார்: "ஏன்டா, எனக்கு எதுக்குடா மாத்திரை விளம்பரம் அனுப்புற?"

அங்கேதான் பாஸ்வேர்டு போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வெப் ப்ராக்ஸி என்பது நமக்குப் பதிலாகத் தானே பக்கத்தைத் திறந்து, படித்து, நம்மிடம் நீட்டுவது. நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே போடும் எச்டிடிபிஎஸ் பூட்டு அங்கேயே திறந்துவிடும். பிரவுசர் செட்டிங்கில் போடும் ப்ராக்ஸி அப்படியில்லை. எச்டிடிபிஎஸ் தளம் என்றால் பூட்டிய பெட்டியை அப்படியே கடத்திவிடும்.

அப்புறம் வேலைக்கு வந்தபின், சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, இலவசப் பட்டியல்களில் இருந்த ப்ராக்ஸிகள் வழியாக அதைத் திறந்து பார்த்தேன், பூட்டில்லாத சாதா எச்டிடிபியில். 'ட்ரான்ஸ்பரன்ட்' என்று போட்டிருந்தவை கோரிக்கையோடு போகும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற வரியில் என் ஐபியை, அதாவது என் இணைய முகவரியை, அப்படியே எழுதி அனுப்பின. (நெட்வொர்க்காரர்கள் இதே சொல்லை வேறு பொருளில் சொல்வார்கள், நாம் எந்த செட்டிங்கும் போடாமலே குறுக்கே நிற்கும் ப்ராக்ஸிக்கு.) 'அனானிமஸ்' ஐபியை மறைத்தது, ஆனால் நடுவில் ப்ராக்ஸி இருக்கிறது என்று சொல்லும் 'வயா' வரியை விட்டுவைத்தது. முகமூடிக்காரன் வருகிறான் என்று தண்டோரா போடுகிற மாதிரி. 'எலைட்' இரண்டையும் அனுப்பவில்லை. சரி, தளத்துக்கு என்னைத் தெரியாது. அந்த எலைட்டை நடத்துகிறவருக்கு?

*

அண்ணே, நீங்கள் சொல்கிற அந்த ப்ராக்ஸிக்காரரை நம்ப முடியாது என்பதால்தான் நான் சொந்த விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு போட்டு, 1080 போர்ட்டில் சாக்ஸ்5 என்ற வகை ப்ராக்ஸி ஓட்டினேன். ஐபி காட்டும் தளத்தில் விபிஎஸ் முகவரிதான் வந்தது. ஒரே பெருமை. மறுநாள் ஆபீஸ் அட்மின் டீ குடிக்கும்போது சிரிக்கிறார்: "தம்பி, எந்தெந்த சைட்டுன்னு பேரெல்லாம் நம்ம டிஎன்எஸ்ஸுக்குத்தான் வருது." டிஎன்எஸ் என்பது தளத்தின் பேரைச் சொன்னால் அதன் ஐபியைச் சொல்லும் சேவை. ஃபயர்ஃபாக்ஸில் அந்தக் கேள்விகளையும் சாக்ஸ் வழியாக அனுப்பச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அதை நான் போடவே இல்லை.

*

உங்கள் இருவர் கதையையும் படித்தேன்; நான் டோர் கட்சி. டோர் என்பது நம் போக்குவரத்தைப் பல சர்வர்கள் வழியாகக் கைமாற்றி அனுப்பும் நெட்வொர்க். மூன்று ரிலே (கைமாற்றும் சர்வர்): முதலாவதுக்கு என்னைத் தெரியும், போகும் இடம் தெரியாது; கடைசிக்கு இடம் தெரியும், என்னைத் தெரியாது. ஆனால் கடைசி ரிலேக்காரர் எட்டிப் பார்க்கலாம். 2007-ல் சுவீடனின் டான் எகர்ஸ்டாட் இப்படித்தான் பல தூதரகங்களின் மெயில் பாஸ்வேர்டுகளைப் பிடித்துக் காட்டினார், பூட்டில்லாமல் அனுப்பியிருந்தார்கள்.

என் முட்டாள்தனம் வேறு வகை. டோரிலேயே என் பேங்க் கணக்குக்குள் லாகின் செய்தேன். பேங்குக்குத் தெரிவது கடைசி ரிலேயின் ஐபிதான். கணக்கு லாக். பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் நின்றால் மேனேஜர் கேட்கிறார், "சார், காலையில ஜெர்மனியில இருந்தீங்களா?"