கடையில விக்கினம் எண்டா லீகல் எண்டு நினைக்காதேங்கோ (வெளிநாடு வெளிக்கிடுற பெடியளுக்கு)

நேற்றுப் பின்னேரம் உவர்மலையில பக்கத்து வீட்டுத் தம்பி, செப்டெம்பரில ரொறொன்ரோவுக்குப் படிக்கப் போறவன், பிளேன்ரீயக் குடிச்சுக்கொண்டு மெதுவாக் கேட்டான், "அண்ணை, அங்க மஜிக் மஷ்ரூம், அதுதான் போதைக் காளான், கடை போட்டு விக்கினமாம், அப்ப லீகல்தானே?" எண்டு. நான் 11 வருசம் அங்க இருந்திட்டு இப்ப லீவில ஊருக்கு வந்து நிக்கிறன், போன புதுசில எனக்கும் இதே குழப்பம்தான், அதால இனிப் போற எல்லாருக்கும் சேர்த்து எழுதுறன்.

கடை இருக்கிறது உண்மை. ரொறொன்ரோ, வான்கூவர் ரெண்டிலயும் போர்ட் போட்டு, சொக்லட் மாதிரி வடிவாப் பைக்கற் பண்ணி விக்கினம், பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், கொஞ்ச நாளில திரும்பத் திறப்பினம். ஆனா 2018 ஒக்டோபர் 17ல லீகல் ஆனது கஞ்சா மட்டும்தான், காளானில இருக்கிற சைலோசைபின் எண்ட போதைச் சாமான் இண்டைக்கும் தடை.

கனடாவில பிறந்தவனுக்கு வழக்கோட எல்லாம் முடிஞ்சிடும், எங்களுக்கு வழக்கு முடிஞ்ச பிறகுதான் இமிகிரேஷன் தொடங்கும். ஸ்டூடன்ட் விசா, வேர்க் பெர்மிட்டில நிக்கிறவன் வச்சிருந்ததுக்குக் குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தாலே நாட்டில இருக்கத் தகுதி இல்லை எண்டு ஆகலாம். பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கையில இருக்கு எண்டு நெஞ்ச நிமித்தவும் வேண்டாம், ட்ராஃபிக்கிங்குக்கு (போதைப்பொருளை மற்றவைக்குக் கைமாத்திறதுக்கு) உச்சத் தண்டனை 10 வருசம், அந்தக் கணக்கில தீர்ப்பு வந்தா பிஆரும் பறிபோகலாம். ட்ராஃபிக்கிங் எண்டா காசுக்கு வித்தாத்தான் எண்டு நினைக்கிறியள், இல்ல, சும்மா குடுத்தாலும் சட்டத்தில அதுதான். பேஸ்மென்டில நாலு பேர் இருக்கேக்க ஒருத்தன் வாங்கி மற்றவைக்கு நீட்டுவான், அவனுக்கே தெரியாது தான் என்ன ஆயிட்டான் எண்டு.

லண்டன் போறவை, அங்க காளான், அதே மாதிரிப் போதை தாற எல்எஸ்டி, டிஎம்டி எல்லாம் கிளாஸ் ஏ எண்ட ஆகக் கடுமையான வகுப்பு, ஹெரோயினோட ஒரே பெட்டி, வச்சிருந்தா 7 வருசம் வரைக்கும் போகலாம். பச்சைக் காளான் சந்தையில விக்குது எண்டு ஆரும் மாமாமார் சொன்னா அது 2005க்கு முந்தின கதை.

ஹொலண்ட்தான் பகிடி. 2008 டிசம்பர் 1ல காளானத் தடை செய்தவை, மண்ணுக்குள்ள முடிச்சு மாதிரி வளர்ற ட்ரஃபிளை அந்த லிஸ்ட்டில போடேல்ல, அதால கடையில பகிரங்கமா விக்கினம். உள்ள இருக்கிற சாமான் ஒண்டுதான்! அதைப் பொக்கற்றில போட்டுக்கொண்டு ஜேர்மனிக்கு ட்ரெயின் ஏறினா, பகிடி போடர் தாண்டாது.

போர்த்துக்கல்லில 2001ல இருந்து 10 நாள் பாவனைக்கு உள்ள அளவு எண்டா ஜெயில் இல்ல, ஒரு கமிஷனுக்கு (விசாரிக்கிற குழுவுக்கு) முன்னால போய் நிக்கோணும், அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில "மருந்தாக்கிட்டாங்கள்" எண்டு எல்லாரும் கதைக்கினம், 2023 ஜூலை 1ல இருந்து அனுமதி எடுத்த சைக்கியாட்ரிஸ்ட் மட்டும், மற்ற மருந்துக்கு மாறாத டிப்ரஷனுக்கு எழுதலாம், அதை வச்சு ஒரு பார்ட்டிக்கும் கொண்டுபோகேலாது, 12 மாசத் தண்டனை விழுந்தா விசா கான்சல்.

அமெரிக்கா இன்னும் மோசம். ஒரிகன்ல 2020லயும் கொலராடோவில 2022லயும் சனம் வோட் போட்டு வழி விட்டவை, ஆனா இமிகிரேஷன் ஃபெடரல், அதாவது மத்திய அரசாங்க ஆக்களின்ர கையில. வழக்கே இல்லாம "ஓம் சேர், ஒருக்காப் பாவிச்சனான்" எண்டு ஒஃபிசரிட்ட வாயால ஒத்துக்கொண்டதே வினையாகலாம்.

கடைசியா ஒண்டு. ஒரு முறை ஊருக்கு வெளிக்கிடேக்க என்ர ரூம்மேட் சூட்கேஸ் நிறுத்தவன், பாரம் கூடிப்போச்சு எண்டு பிள்ளையளுக்கு வாங்கின சொக்லட்டக் குறைக்கப் பார்த்தா, நடுவில அந்தக் கடைச் சொக்லட் ஒண்டு! ஆரோ பார்ட்டியில குடுத்ததை மறந்துபோய் ஃப்ரிட்ஜில வச்சிருந்தவனாம். 3 கிலோ பாரம் கூடாட்டி அது கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கும் வந்திருக்கும், உப்புவெளியில அவன்ர அக்காவின்ர சின்னவனின்ர கையிலயும் போயிருக்கும். இப்ப ஆர் சொக்லட் தந்து விட்டாலும் பைக்கற்றத் திருப்பி எழுத்து வாசிச்சிட்டுத்தான் பெட்டிக்க வைக்கிறன்.