நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீடு: 14 நாளை எப்படி எண்ணுறது?

உவர்மலை:
திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில செவ்வாய்க்கிழமை தீர்ப்பு, ஆறு மாதச் சிறை. வழக்கேட்டுப் பிரதிக்கு விண்ணப்பிச்சாச்சு, இன்னும் கைக்கு வரேல்ல. 14 நாள் பிரதி கிடைச்ச நாளில இருந்துதானே? ஒரு தளத்தில 30 நாள் எண்டும் கிடக்கு.

நிலாவெளி வீதி:
30 நாள் இந்தியக் கணக்கு, விடுங்கோ. அங்க மாநில நீதிமன்றத்தை உயர் நீதிமன்றம் எண்டுவினம். எங்களுக்கு, இலங்கையில, அந்தப் பெயர் கொழும்பில இருக்கிற கடைசிப்படி நீதிமன்றத்துக்கு. இந்தப் பெயர்க் குழப்பத்திலயே பலர் வழி தவறுகினம்.

பிரதிக்காகக் காத்திருக்காதேங்கோ. தீர்ப்புச் சொன்ன நாளே முதலாம் நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கழியும், சனி கழியாது. செவ்வாய் தீர்ப்பெண்டால் மூன்றாவது கிழமைப் புதன் கடைசி நாள். இடையில வார நாளில ஒரு போயா (முழுநிலா நாள் விடுமுறை) வந்தால் வியாழன். "14 வேலைநாள்" எண்டு சனியையும் கழிச்சுப் போறவைக்குத்தான் கதவு மூடுது. மனுவில காரணங்கள் சுருக்கமாக இருந்தால் போதும், பிரதி இல்லாமலே எழுதலாம்.

தட்டாதெரு:
குடுக்கிற இடம் தீர்ப்புச் சொன்ன நீதவான் நீதிமன்றம். முகவரியிடுறது மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில "மேன்முறையீட்டு நீதிமன்றம்" எண்டுதான் கிடக்கும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்கும் 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கும் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்துக்குத்தான் போறது. பழைய மாதிரி மனுவைப் பார்த்து எழுதுறவை இதில விழுகினம்.

இன்னொன்று, அதே சட்டக்கோவையின் 322ஆம் பிரிவு. சட்ட வினாவை எழுப்பினால் அதைத் தனியாகக் குறிச்சு, தீர்ப்பதற்குத் தகுந்த வினாதான் எண்டு சட்டத்தரணியின் அத்தாட்சியும் வேணும். "சாட்சியை நம்பினது பிழை" எண்டது சட்ட வினா இல்லை, நிகழ்வு வினா. ரெண்டையும் கலந்து ஒரே பந்தியில எழுதாதேங்கோ.

உவர்மலை:
நன்றி. மனு குடுத்தால் ஆளை வெளியில விடுவினமோ?

நிலாவெளி வீதி:
தானாக விடமாட்டினம். 323ஆம் பிரிவின் கீழ் அதே நீதவானிட்டப் பிணை கேக்கவேணும். அந்த விண்ணப்பத்தையும் மனு குடுக்கிற அண்டைக்கே ஆயத்தமாக வைச்சிருங்கோ.

தட்டாதெரு:
நாள் தப்பினால் மீளாய்வு மனு (தீர்ப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி மேல் நீதிமன்றத்தைக் கேக்கிறது) ஒண்டுதான் மிச்சம். அதுக்குச் சத்தியக்கடதாசியும் அத்தாட்சிப்படுத்திய பிரதியும் கட்டாயம். விசேட காரணமும் காட்டவேணும், ஏன் மேன்முறையீடு செய்யேல்ல, ஏன் சுணங்கினது எண்டும் சொல்லவேணும். "பிரதி வரேல்ல" எண்டது அங்க பெரிசாக எடுபடாது. புதனுக்கு முதலே குடுத்திடுங்கோ.