சித்தி வாசித்துக் காட்டிய ஒன்பது எண்கள்

தென்காசியில் இருக்கும் சித்தியின் மடிக்கணினியைக் கோவையில் உட்கார்ந்தபடி சரிசெய்து தருவது ஐந்து ஆண்டுகளாக என் வேலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை அவர். எங்கள் ஆச்சி சொன்ன கைமருந்துக் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். புதுக் கணினி வாங்கிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. "எல்லாம் போய்விட்டது ராசா" என்று போனில் அழுதார்.

எதுவும் போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துபவை. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரியும், அவ்வளவுதான். அன்று முதன்முறையாகத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை இறக்கச் சொன்னேன். திரையில் தெரிந்த ஒன்பது எண்களை மாணவர் வருகைப் பதிவேடு போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இணைப்புக் கிடைத்ததும் அம்புக்குறி இரண்டு பக்கமும் இழுபட்டது. அவருடைய கையும் மவுஸின்மேல் இருந்தது! "கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் சித்தி" என்றேன். நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வந்தபோது என் பக்கம் திரை இருண்டுவிட்டது. அங்கே இருப்பதை அவர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அவசரமே இல்லை, முழுவதும் படித்துவிட்டு அழுத்துங்கள்" என்றேன். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய கோப்பு திறந்ததும் "சுக்கு, மிளகு, திப்பிலி" என்று அவர் உரக்க வாசித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சென்ற மார்கழியில் அவருக்கு ஓர் அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன், கேஒய்சி புதுப்பிக்கவில்லை, இன்று மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும் என்று மிரட்டி, கைப்பேசியில் அதே வகைச் செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறான். சித்தி இறக்கினார். எண்களையும் வாசித்தார். அனுமதிப் பெட்டி வந்ததும் வழக்கம்போலப் படிக்கத் தொடங்க, அவன் "சீக்கிரம் அழுத்துங்கள் அம்மா" என்று கத்தியிருக்கிறான். அந்தக் கத்தலில்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னை அழைத்தார்.

அனுமதி கொடுத்திருந்தால், கைப்பேசிக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்தி உட்படத் திரையில் தெரிவதெல்லாம் அவன் கண்ணிலும் பட்டிருக்கும். இத்தகைய செயலி வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் சித்தியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனில் கேட்கும் குரலுக்கு எண்களை வாசித்துக் காட்டும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவனே நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது வேலை முடிந்ததும் செயலியை அவர் கையாலேயே நீக்கச் சொல்கிறேன். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைத் தினசரி நாள்காட்டி அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். நானே அழைத்தாலும் நம்பக் கூடாது, துண்டித்துவிட்டு என் எண்ணுக்கு அவர் திரும்ப அழைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

சென்ற வாரம் அவருடைய பிரிண்டரைப் பார்க்கலாம் என்று அழைத்தேன். "சித்தி, நான்தான்" என்றேன்.

"வை ராசா, நான் கூப்பிடுகிறேன்" என்று துண்டித்தார்.