பன்றி சாப்ஸ் சக்கையா வருது, சாஸ் கசக்குது. எங்க தப்பு?

பாளை_அடுப்படி:
வெண்பன்றி சாப்ஸ், எலும்போட, அரை இஞ்ச் கனம். இரும்புச் சட்டியில நல்லெண்ணெய் ஊத்தி, மிளகுப்பொடி தடவுன கறியைப் பக்கத்துக்கு 6 நிமிஷம் வறுக்கேன். ஓரம் கிண்ணம் மாதிரி வளையுது, கறி சக்கை. அதே சட்டியில புளித்தண்ணி விட்டு சாஸ் வச்சா கருத்துக் கசக்கு. எதை மாத்தணும்?

இரும்புச்சட்டி:
அரை இஞ்சுக்கு 12 நிமிஷம்னா சக்கைதான் மிஞ்சும் அண்ணாச்சி. கறிக்கடையில ஒரு இஞ்ச் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்க. மெல்லிசா இருந்தா மேல செவக்குமுன்ன உள்ள வெந்து தீந்துரும். அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பொடி உப்பு தடவி முக்கால் மணி நேரம் வைங்க. பெறவு துணியால நல்லா ஒத்தி எடுக்கணும். ஈரம் இருந்தா அவிஞ்சுதான் வரும், செவக்காது.

ஓரக் கொழுப்புக்கு உள்பக்கம் ஒரு சவ்வு உண்டு. அது சுருங்கி இழுக்கதாலதான் வளையுது, மூணு இடத்துல கீறி விடுங்க. கடலை எண்ணெய் போதும். கொழுப்பு ஓரத்தை 2 நிமிஷம் நிமித்தி வச்சு உருக்குங்க, அப்புறம் பக்கத்துக்கு 4 நிமிஷம். ஒரு தடவைக்கு ரெண்டு துண்டுதான். நெருக்கினா சூடு எறங்கித் தண்ணி விட்டுரும். நடுவுல 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்து 3 நிமிஷம் ஆற விடுங்க.

உள்ளிக்கூடை:
கசப்புக்குக் காரணம் ரெண்டு. புளியோட அமிலம் இரும்பைக் கரைக்கும், கருப்பும் இரும்பு வாடையும் அதுதான். இன்னொண்ணு மிளகு, அவ்வளவு நேரம் சூட்டுல கெடந்தா கருகும். அதைச் சாஸ்ல போடுங்க.

ஒரு மேசைக்கரண்டி கொழுப்பை விட்டு மிச்சத்தை வடிச்சிருங்க. சட்டியடியில ஒட்டுனது பொன்னிறமா இருக்கணும். கருகியிருந்தா கழுவிட்டு வேற வேலையைப் பாருங்க. ஆறு சின்ன உள்ளி, ரெண்டு பல் பூடு வதக்கி, உப்பில்லாத எலும்புத்தண்ணி அரை கப் விட்டு, மரக்கரண்டியால சுரண்டிப் பாதியா வத்த வைங்க. உப்புள்ள தண்ணின்னா வத்துனதும் வாயில வைக்க முடியாது. அரை டீஸ்பூன் மிளகு, சுண்டைக்காய் அளவு உடன்குடி கருப்பட்டி, தட்டுல கறி விட்ட சாறு எல்லாம் சேருங்க. அடுப்பை அணைச்ச பெறவுதான் ஒரு மேசைக்கரண்டி குளுந்த வெண்ணெய். கொதிக்கும்போது போட்டா திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும். புளிப்புக்குப் பரிமாறும்போது எலுமிச்சை பிழிஞ்சா போதும்.

தெக்குத்தெரு:
63 டிகிரி பண்ணைப் பன்றிக்குச் சரி. ஊர் மேயுற பன்றின்னா 70 தாண்டட்டும், நாடாப்புழு பயம் இருக்கு. கறிக்குள்ள அரிசி மாதிரி வெள்ளைக் கொப்புளம் தெரிஞ்சா வாங்கவே வேண்டாம்.

பாளை_அடுப்படி:
வெப்பமானி இல்லைன்னா?

இரும்புச்சட்டி:
எலும்பை ஒட்டிக் கத்தியால குத்திப் பாருங்க. சாறு சிவப்பா வந்தா இன்னும் ஒரு நிமிஷம் மூடி வைங்க. ஆனா அது கண்மதிப்புதான். மேயுற பன்றிக்கு இதை நம்பாதீங்க.