கோயில் பேனருக்கு பில் போடலாமா? சுங்கை சிப்புட்டில் இருந்தே டிசைன் தொழில்

பென்சில்_சிப்புட்:
வணக்கம். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். வயது 24. கிராஃபிக் டிசைன் டிப்ளோமா முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு பிரிண்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் குறைந்தபட்ச ஊதியம், 1,700 வெள்ளி (ரிங்கிட்). வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் செய்யலாமா என்று யோசனை. லோகோ, கல்யாணப் பத்திரிகை, சிறுவர் புத்தகத்துக்குப் படம், இவை எனக்கு நன்றாக வரும். அப்பா தோட்டத்தில் உழைத்தவர். "ஒன்று கோலாலம்பூர் போ, இல்லையென்றால் இருக்கிற வேலையில் இரு" என்கிறார். இதற்கு நடுவில் கோயில் திருவிழாவுக்கு அழைப்பிதழ், பேனர், நன்கொடைப் புத்தக அட்டை, டி-சட்டை என்று முழு செட்டும் கேட்டிருக்கிறார்கள். காசு பற்றிப் பேச்சே இல்லை. "நம்ம பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பில் போட்டால் தப்பா? அதைவிட, இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா?

அச்சுக்கடைக்காரன்:
முடியாது, தங்கச்சி. மனம் நோகும் என்று சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. நானும் இதே வட்டாரத்தில் கடை வைத்திருப்பவன். பேனருக்குச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுப்பார்கள். டிசைனுக்குத் தனியாக 50 வெள்ளி என்றால், "அது ஃப்ரீ இல்லையா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். கேன்வா டிசைன் செயலி வந்த பிறகு பேரப்பிள்ளையே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். இப்போது ஏஐ வேறு. கித்தா என்கிற ரப்பர் மரமெல்லாம் எண்ணெய்ச் செம்பனையாகி, தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போய், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பினாங்கு ஃபேக்டரியிலும் இருக்கிறார்கள். இங்கே லோகோ வாங்க யார் இருக்கிறார்கள்? 1,700 சின்னக் காசுதான், ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது. கூடவே இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பு, சொக்சோ காப்புறுதி. அதை விட்டுவிட்டு எதை நம்பி இறங்கப் போகிறாய்?

ஆலயத்_தொண்டன்:
தொழில் பற்றி எனக்குத் தெரியாது. கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். திருவிழாவுக்கு இளைஞர்கள் இரவெல்லாம் பந்தலுக்குக் கம்பு நடுகிறார்கள், பெண்கள் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறார்கள். யாரும் பில் போடவில்லை. கையில் ஒரு திறமையைக் கொடுத்தவளே அம்மன்தான். அவளிடமே காசு கேட்பதா?

வண்ண_அரிசி:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோயிலில் நாதஸ்வரத்துக்குக் காசு உண்டா இல்லையா? பூக்காரருக்கு? ஒலிபெருக்கிக்காரருக்கு? கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்தால் டிக்கெட், தங்கும் இடம், சம்பளம் எல்லாம் கொடுக்கிறீர்கள். படம் போடுகிற உள்ளூர்ப் பெண்ணுக்கு மட்டும் புண்ணியம் போதுமா?

அச்சுக்கடை அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. நான் கோலம் போடுகிறவள். தீபாவளிக்கு ஷாப்பிங் மால்களில் வண்ண அரிசிக் கோலம் பார்த்திருப்பீர்கள். அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆரம்பித்தது கோயில் வாசலில், இலவசமாகத்தான். அங்கே யாரோ எடுத்த படம் ஃபேஸ்புக்கில் சுற்றி, ஈப்போவில் ஒரு மால் மேலாளர் கூப்பிட்டார். "எவ்வளவு?" என்று கேட்டபோதுதான் இதற்கு ஒரு விலை உண்டு என்றே உறைத்தது.

இது கைவேலை மட்டும் இல்லை, தங்கச்சி. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அரிசியில் உணவுச் சாயம் கலந்து, நாளிதழ் விரித்து, காற்றாடிக்குக் கீழே பரப்பிக் காய வைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் மூட்டைக்குள் கட்டி தட்டிவிடும், கோலத்தில் தூவும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். சிவப்பு சரியாகக் காயாவிட்டால் பக்கத்தில் இருக்கும் வெள்ளையைக் கறையாக்கிவிடும். மால் இரவு பத்து மணிக்கு மூடிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். விடிவதற்குள் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு, நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். இதில் அரிசிக் காசு, வண்டி வாடகை, உதவிக்கு வரும் பிள்ளைகளின் கூலி, குழந்தை மிதித்துவிட்டால் திரும்ப வந்து சரிசெய்யும் செலவு, எல்லாவற்றையும் விலையில் சேர்க்கக் கற்றுக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிசைனும் அப்படித்தான். பாதி வேலை கணக்கு.

கோயிலுக்கு நான் செய்கிற ஏற்பாடு இது: முழு விலைக்கு பில் எழுதுவேன். அதற்குக் கீழேயே "நன்கொடை" என்று எழுதிப் பாதியைக் கழித்துவிடுவேன். மீதியைக் கொடுத்தாக வேண்டும். நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரும் வர வேண்டும்.

ஆலயத்_தொண்டன்:
பட்டியலில் பெயர் வர 500 வெள்ளிக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். அது கமிட்டி முடிவு.

வண்ண_அரிசி:
அப்படியா? அந்த முழு செட்டின் விலை என்ன வரும் என்று வெளியே விசாரித்துப் பாருங்கள், ஐயா. பெயர் தாராளமாக வரும்.

அச்சுக்கடைக்காரன்:
தீபாவளி வருடத்துக்கு ஒரு தடவை, அக்கா. மற்ற மாதங்களில் அரிசியைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

வண்ண_அரிசி:
மற்ற மாதங்களில் கல்யாண மேடை, மருதாணி, தமிழ்ப்பள்ளிச் சுவரோவியம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. பள்ளிச் சுவருக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் காசு கொடுக்கும், கொஞ்சம் லேட்டாகும். உங்கள் கடையில் மட்டும் தேர்தல் இல்லாத மாதம் பேனர் குவிகிறதா?

கேஎல்_வேப்பமரம்:
நான் தலைநகரில் விளம்பர நிறுவனமொன்றில் ஆர்ட் டைரக்டர். நானும் பேராக் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா சொல்வதைக் கேளுங்கள், தங்கச்சி. ஏஜென்சியில் சில வருடம் குப்பை கொட்டினால்தான் கொட்டேஷன் எழுதுவது, எத்தனை திருத்தத்தோடு நிறுத்துவது, மூன்று மாதம் பணம் தராத வாடிக்கையாளரை எப்படித் துரத்துவது என்பதெல்லாம் தெரியும். அப்புறம் முக்கியமான ஒன்று, கூட வேலை பார்த்தவர்கள் வேறு வேறு கம்பெனிக்குப் போவார்கள். நாளைக்கு நீங்கள் தனியாக வந்தால் முதல் வேலை அவர்களிடமிருந்துதான் வரும். இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர் பின்தொடர்வதைவிட, உங்கள் கைபேசி எண்ணை வைத்திருக்கும் பத்து மேலாளர்கள் மேல்.

அப்புறம் நம்மவர்கள் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. தீபாவளி நெருங்கும்போது பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். "கொண்டாடுவோம்" என்று போட்டிருப்பார்கள், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கால் தனியாகத் தொங்கும். டிசைனருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு அமைப்புக்கு மாற்றாமல் எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் உடையும். அச்சுக்கு அனுப்பும் முன்பு எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்காவிட்டால், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் இன்னொரு முறை உடையும். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் பேக்கேஜிங் செய்து கொடுக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலைப் பஞ்சம் இல்லை. முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினியிலேயே வருகிறது. தமிழ் எழுத்தை வைத்து மலேசியாவிலிருந்து ஒருவர் உலகத்துக்கே வேலை செய்ய முடிந்திருக்கிறது. நாம் இன்னும் பேனரில் நடிகர் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரவுக்குருவி:
அண்ணே, நீங்கள் சொல்வதைப் படித்தால் கோலாலம்பூர் போகவே தேவையில்லை போலிருக்கிறதே! தமிழ் எழுத்தைச் சரியாகப் போட ஒரு லேப்டாப்பும் வைஃபையும் போதாதா? நான் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறேன். மழை பெய்தால் இணையம் படுத்துவிடும், பைக்கை எடுத்துக்கொண்டு டவுன் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளத்தில் 20 விழுக்காடு அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் டாலரில் வருகிறது. ஒரே எழுத்தாளர் தொடர்ந்து புத்தகம் கொடுக்கிறார். அவர் ஒருவரே எனக்கு அரை வருட வாடகை.

அச்சுக்கடைக்காரன்:
அந்த ஒருவர் நாளைக்கு ஏஐ பக்கம் போய்விட்டால்?

இரவுக்குருவி:
சிலர் போயும்விட்டார்கள். அட்டைப் படம் மட்டும் வேண்டும் என்று கேட்டவர்கள்தான் முதலில் போனார்கள். ஒரே பாத்திரம் முப்பது பக்கத்திலும் ஒரே முகத்தோடு வர வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று என்னைக் கேட்டால், தெரியாது. உங்கள் ஃப்ளெக்ஸ் மெஷினுக்கும் அதே கேள்விதான், அண்ணே.

அச்சுக்கடைக்காரன்:
சரி, ஒரு பெயர் சொல்கிறேன். கார்ட்டூனிஸ்ட் லாட். நம் பேராக்காரர். அவரே குற்றச் செய்தி நிருபராக வேலை பார்த்துக்கொண்டுதான் வரைந்தார். பத்திரிகை அவரைக் கார்ட்டூனிஸ்டாக எடுத்துக்கொண்டது பிறகுதான். சம்பளத்தை வைத்துக்கொண்டு இரவில் வரைவதில் என்ன கேவலம்?

கேஎல்_வேப்பமரம்:
அந்த வேலை இருந்த இடம் கோலாலம்பூர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அண்ணே.

வண்ண_அரிசி:
பிறகு ஈப்போவுக்குத் திரும்பி வந்தாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈப்போ என்றதும் நினைவுக்கு வருகிறது. 2012இல் பினாங்குச் சுவர்களில் வரைந்த லித்துவேனியாக்காரர், எர்னஸ்ட் ஸகாரெவிச், அப்புறம் ஈப்போ பழைய நகரிலும் வரைந்தார். அதற்குக் காசு போட்டது ஒரு காப்பி நிறுவனம். இன்று வாரக் கடைசியில் அந்தச் சுவர்களுக்கு முன்னால் எவ்வளவு கூட்டம்! நம் ஊரிலிருந்து அரை மணி நேரம்தான். ரப்பர் பால் வெட்டுகிற பெண்ணை, லயத்துக் கிணற்றடியை நம் பிள்ளை வரைந்தால் காசு போட ஒரு கடைக்காரர் கூடவா கிடைக்க மாட்டார்? கேட்டால்தானே தெரியும்.

அச்சுக்கடைக்காரன்:
கேட்டுப் பாருங்கள். அரசியல்வாதி படத்தை மூலையில் வைக்கச் சொல்வார்கள்.

பிரிவு26:
எல்லோரும் விலையிலேயே நிற்கிறீர்கள். உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சட்டத் துறையில் இருக்கிறேன். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், ஆர்டர் கொடுத்தவருக்கே போய்விட்டதாகக் கருதப்படும். "நான் வரைந்தேன், அதனால் என்னுடையது" என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடும் டிசைனர்கள் பலருக்கு இது தெரியாது. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது செய்த டிசைனும் அப்படித்தான், முதலாளிக்குப் போகும்.

ஆகவே தங்கச்சி, கடையில் செய்தவற்றை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடும் முன்பு முதலாளியிடம் கேட்டுவிடுங்கள். தனியாகச் செய்யும்போது கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: உரிமை என்னிடமே இருக்கும், இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை காலத்துக்கு அனுமதி தருகிறேன். லோகோ என்றால் வாடிக்கையாளர் முழு உரிமையும் கேட்பார், அது நியாயம்தான், அதற்கு விலையைக் கூட்டுங்கள். புத்தகப் படம் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு நிற்கிற சொத்து அது.

இபிஎஃப் பற்றி அண்ணன் பயமுறுத்தினார். சொந்தத் தொழில் செய்பவரும் ஐ-சாரான் திட்டம் வழியாக இபிஎஃபில் தானே கட்டலாம், அரசு அதற்கு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. சொக்சோவிலும் சுயதொழில் திட்டம் உண்டு, 2017ஆம் ஆண்டுச் சட்டம். எஸ்எஸ்எம் என்கிற நிறுவனப் பதிவு ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. இது இல்லாமல் பெரிய கம்பெனிகள் உங்கள் பில்லைக் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

ஆலயத்_தொண்டன்:
அப்படியானால் எங்கள் திருவிழா லோகோ யாருக்குச் சொந்தம்? போன வருடம் செய்த பையன் இப்போது ஃபைல் தர மாட்டேன் என்கிறான்.

பிரிவு26:
அவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா, ஐயா? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

ஆலயத்_தொண்டன்:
பொன்னாடை போர்த்தினோம்.

இரவுக்குருவி:
😂

பென்சில்_சிப்புட்:
எல்லோருக்கும் நன்றி. அரிசி அக்கா சொன்ன மாதிரி கோயிலுக்கு பில் எழுதிவிட்டேன், பாதி நன்கொடை. வேலையை இப்போது விடவில்லை. எஸ்எஸ்எம் மட்டும் பதியப் போகிறேன். வேப்பமரம் அண்ணே, மூன்று மொழி பேக்கேஜிங் மாதிரி இரண்டு செய்து அனுப்பினால் பார்ப்பீர்களா?

கேஎல்_வேப்பமரம்:
அனுப்புங்கள். பேருக்குப் பார்க்க மாட்டேன், கிழித்துத் தொங்கவிடுவேன். இன்னும் சொல்கிறேன், ஒரு வருடமாவது இங்கே வந்து இருங்கள்.

அச்சுக்கடைக்காரன்:
தங்கச்சி, இப்போது இருக்கும் கடையை விட்டால் என் கடைக்கு வெளியாள் மாதிரி செய்து கொடு. வருகிற டிசைன் ஒவ்வொன்றுக்கும் 40 வெள்ளி. வாடிக்கையாளரிடம் நான் பேசி வாங்கிக்கொள்கிறேன்.

வண்ண_அரிசி:
டிசைனுக்குக் காசு கொடுக்க இங்கே ஆளே இல்லை என்றீர்களே, அண்ணே? சரி, 40 வெள்ளிக்கு எத்தனை திருத்தம்?

அச்சுக்கடைக்காரன்:
வாடிக்கையாளர் திருப்தி அடையும் வரைக்கும்.

வண்ண_அரிசி:
இரண்டு. மூன்றாவதுக்குத் தனிக் காசு.

பிரிவு26:
ஃபைல் யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.