வண்டி அப்டேட் கேக்குது, அமுத்தலாமாங்?

குழு: தோட்டத்து ஒறம்பரை
சனிக்கிழமை

இரவு 8:42
கவின்: <படம்>
கவின்: மாமா, வண்டிக்கு அப்டேட் வந்திருக்குது. 45 நிமிசம்னு காட்டுது. நாளைக்குப் பொழுதோட மாப்பிள்ளை அழைப்பு. இப்பவே அமுத்தீரலாமாங்?

கோபி சித்தி: பூக்காரருக்கு முன்பணம் யாரு குடுத்தீங்க

பெரியப்பா: எந்த வண்டி

கவின்: நம்ம கரண்ட் வண்டிதானுங் பெரியப்பா. மாப்பிள்ளை ஏறுறது

பல்லடம் மாமா: மாப்ள அமுத்தாத. சித்த இரு, டைப் பண்றேன்

பல்லடம் அத்தை: போச்சு. சோறு ஆறீரும்

நிவி: அண்ணா, எதுக்கு வந்த அப்டேட்டுன்னு கீழ எழுதியிருக்கும் பாரு. பாட்டு ஸ்க்ரீனுக்கு மட்டுமா, இல்ல பேட்டரி, பிரேக்கெல்லாம் சேத்தியா?

கவின்: டிரைவர் அசிஸ்ட், பேட்டரி மேனேஜ்மெண்ட், "பொதுத் திருத்தங்கள்"

நிவி: அப்ப பெருசு

காங்கேயம் சித்தப்பா: 👍

கோபி சித்தி: எதுக்கு 👍

இரவு 8:51
பல்லடம் மாமா: 45 நிமிசங்கறது ஏத்தற நேரம் மட்டும். டவுன்லோடு தனி. தோட்டத்துல சிக்னல் ஒத்தக் கோடு, போன் ஹாட்ஸ்பாட்ல போட்டாலும் எப்ப முடியும்னு சொல்ல முடியாது. ஏத்த ஆரம்பிச்சா வண்டி பார்க் கியர்ல நிக்கோணும், நகராது, நடுவுல நிறுத்தறதுக்குப் பட்டனும் கெடையாது. அதவிட முக்கியம் சின்ன பேட்டரி. கரண்ட் வண்டியானாலும் 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு இருக்குது. கம்ப்யூட்டர், கதவுப் பூட்டு, பெரிய பேட்டரியக் கோத்துவிடற கான்டாக்டர் எல்லாத்துக்கும் உசுரு அதுதான். நிறுத்தி வெச்ச வண்டியில மீட்டர் வெச்சா 12.6 கிட்ட இருக்கோணும். 12க்குக் கீழ போயிருந்தா பெரும்பாலும் அப்டேட் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஆரம்பிச்சுப் பாதியில படுத்துச்சுன்னா அதுதான் வம்பு. உன்ற வண்டிக்கு அந்த பேட்டரி மாத்தி எத்தன வருசம்?

கவின்: மாத்தவே இல்லீங். வண்டிக்கே 4 வருசம்

பல்லடம் மாமா: 🤦

காங்கேயம் சித்தப்பா: மத்தியானம் டிக்கியத் தொறந்து வெச்சு பாட்டுப் போட்டுட்டு இருந்தானுக

நிவி: வண்டி ஸ்டார்ட் பண்ணி ரெடி நிலையில இருந்தா பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு ஏறிட்டே இருக்கும், அப்ப மீட்டர்ல 13.5லிருந்து 14.5 காட்டும். ரெடி போடாம வெறும் பாட்டு, லைட்டுன்னா சின்னது காலியாவும்

பெரியப்பா: ஓடற வண்டிக்கு அப்டேட் எதுக்கு

கோபி சித்தி: எங்க காலனி குழுவுல வாய்ஸ் வந்துச்சுங். அப்டேட் போட்டா கம்பெனிக்காரன் ஓடற தூரத்தக் கொறைச்சுப்போடுவானாமா

நிவி: சித்தி, திரையில காட்டற கிலோமீட்டர் ஒரு யூகந்தான். கணக்குப் போடற முறைய மாத்துனா நம்பர் எறங்கும், ஏறும். 100 கிலோமீட்டருக்கு எத்தன யூனிட் ஆச்சுன்னு குறிச்சு வெச்சு, முன்னப்பின்ன ஒப்பிட்டாத்தான் தெரியும். பெரியப்பா, சிலதுக்கு அப்டேட்டுதான் மருந்து. 2023 டிசம்பர்ல டெஸ்லா அமெரிக்காவுல 20 லட்சம் வண்டிக்கு மேல ரீகால் போட்டாங்க, அதாவது கோளாறு சரி பண்ணித் தர்றோம்னு அறிவிச்சாங்க, ஓட்டறவர் ரோட்டப் பாக்கறாரான்னு கவனிக்கற விசயம் பத்தலைன்னு. அத்தனைக்கும் திருத்தம் காத்து வழியா, அதாவது நெட்ல வர்ற அப்டேட்டாத்தான் போச்சு. போடவே கூடாதுங்கல. நாளைக்கு விசேசத்த வெச்சுட்டு இன்னைக்குப் போட வேண்டாங்கறேன்

பெரியப்பா: சரி சாமி

இரவு 9:04
கவின்: இன்னொண்ணு. சார்ஜும் ஏறல. சார்ஜர் டப்பாவுல செவப்பு லைட்டு

பல்லடம் மாமா: எத்தன தடவ மின்னி நிக்குதுன்னு எண்ணு. எந்தக் கணக்குக்கு என்ன கோளாறுன்னு டப்பா மேலயோ கையேட்லயோ பட்டியல் இருக்கும். தோட்டத்துல பெரும்பாலும் எர்த்துதான். மீட்டர் இருந்தா பிளக்குல பாரு: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 கிட்ட, பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்கொறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டோட நிக்கோணும். அங்க 20, 30னு காட்டுனா எர்த்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். சாளைக்குப் பின்னால எர்த்துக் குழி இருக்குது, ரெண்டு மூணு கொடம் தண்ணி ஊத்தி அரைமணி கழிச்சுச் சொருகிப் பாரு. எக்ஸ்டென்ஷன் பொட்டி ஆவாது. அந்த டப்பா மணிக்கணக்கா 15 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஒல்லி வயர் உருகீரும். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயராவது வேணும், தூரமா இழுத்திருந்தா 4. அரைமணிக்கு ஒருக்கா பிளக்கத் தொட்டுப் பாரு. கை வெக்க முடீலன்னா ஆம்பியர 10க்கு எறக்கு

பல்லடம் அத்தை: ரசம் போட்டாச்சு

காங்கேயம் சித்தப்பா: இத்தன எதுக்கு. மோட்டார் ரூம்ல மூணு பேஸ் இருக்குது, அங்க சொருகுங்க

பெரியப்பா: அது விவசாய சர்வீஸ். இலவசக் கரண்ட்ல காரு சார்ஜ் போட்டா அபராதம், சர்வீஸே போயிரும். உன்ற பேர்ல இருக்குதுன்னா என்ன வேணா பண்ணலாமா

காங்கேயம் சித்தப்பா: பேரு எப்புடி வந்துச்சுன்னு அப்பாருக்குத் தெரியும்

பெரியப்பா: அப்பாரு இல்லாத தெகிரியந்தான்

காங்கேயம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பல்லடம் அத்தை: ரெண்டு அண்ணனுக்கும் கும்புடறேன். புள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும்

சத்யா: 🙂

இரவு 9:17
கவின்: தண்ணி ஊத்தியாச்சு மாமா. 100 வரைக்கும் ஏத்தீரட்டுங்களா

பல்லடம் மாமா: 85, 90ல நிறுத்து. 100 ஆயிருந்தா பேட்டரியில வாங்கிக்க எடமில்ல, அதனால மிதி விட்டதும் வண்டி தானாப் புடிக்கறது கொறைஞ்சிரும். நாளைக்கு மேளத்துக்குப் பின்னால நடை வேகத்துல போவோணும், அந்தப் புடிப்பு வேணும். "அப்டேட்டுக்கு அப்பறம் பிரேக்கு இழுக்கல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேரு 100 ஏத்திட்டு எறங்குனவங்கதான்

கோபி சித்தி: பூவுக்கு வருவமா. வண்டி மூக்கு மேல பெரிய மாலை, முன் கண்ணாடிக்கு நடுவுல மேல ஒரு பூச்செண்டு, ரெண்டு பக்கமும் சரம். 6 முழம் எச்சாவே சொல்லியிருக்கேன்

நிவி: சித்தி நில்லுங்க. முன் கண்ணாடிக்கு நடுவுல, உள்கண்ணாடிக்குப் பின்னாலதான் கேமரா. மூக்குல லோகோ கிட்டயோ பம்பர் நடுவுலயோ ரேடார். ரெண்டும் மூடுனா அடாஸ், அதான் அந்த டிரைவர் அசிஸ்ட், மொத்தமும் படுத்துக்கும். மூடி மூடாம மாலை ஆடிட்டு இருந்தா அதவிட மோசம், இல்லாத வண்டி இருக்குதுன்னு நெனச்சு பிரேக் புடிக்கலாம். இந்த வண்டிக்கு சார்ஜ் மூடியும் மூக்குலதான். மாலையக் கட்டிட்டா சார்ஜ் போட முடியாது

சத்யா: என்ற கல்யாணத்துக்குப் பூவே வேண்டாங்கறீங்களா

நிவி: பானெட் மேல தட்டையாக் கட்டு. கதவுக் கைப்பிடி, பின் கண்ணாடி ஓரம் எல்லாம் சரி. பம்பர்ல ரூவா அளவுக்கு வட்டம் வட்டமா இருக்கற சென்சார்ல படக்கூடாது. சந்தனம் குங்குமம் வெக்கறவங்க கண்ணாடி மேல கேமரா முன்னால வெக்காதீங்க. செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம், பசை நிக்கும்

கோபி சித்தி: பூக்காரரு இதெல்லாம் கேப்பாராக்கும்

பல்லடம் மாமா: நாளைக்கு அழைப்புல தானா பிரேக் புடிக்கறத ஆஃப் பண்ணீரு மாப்ள. முன்னால மேளக்காரங்க, ஆடற பசங்க. டக்குனு அடிச்சா உள்ள மாப்பிள்ளை தலை முன்சீட்ல

நிவி: மாமா, ஊர்வலத்துக்கு மட்டும் சரிங். ஆனா கோயமுத்தூர் போறதுக்கு முன்னால ஆன்ல இருக்கோணும். நெறைய வண்டியில நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணுனா தானா ஆன் ஆயிரும், ஆனாலும் திரையில குறி பாருங்க. அப்டேட் போட்டதுக்கு அப்பறமும் இதே வேலைதான்: பிரேக் உதவி, ரோட்டுக் கோட்டுக்குள்ள வண்டிய வெக்கற லேன் உதவி, மிதி விட்டாப் புடிக்கற அளவு, சார்ஜ் வரம்பு நாலையும் ஒருக்காப் பாக்கோணும். சிலது பழைய நெலைக்குப் போயிருக்கும்

பல்லடம் மாமா: லேன் உதவி நம்மூரு ரோட்டுக்கு ஆவாது

நிவி: கோடு தெளிவா இருக்கற எடத்துல ஆவும். அவினாசி ரோட்டு மேம்பாலம் 10.1 கிலோமீட்டர், மேல குறுக்க ஆள் வராது, அங்க போடலாம். எறங்குனதும் ஆஃப். ராங் சைடுல பால் வண்டி வந்தா அதுக்கு வெலகறதா கோட்டுக்குள்ள நிக்கறதான்னு வண்டி யோசிக்கும், ஸ்டீயரிங் கையோட மல்லுக்கட்டும். வண்டி தானா ஓடறதுக்கு மொத்தம் 0லிருந்து 5 வரைக்கும் படி, நம்முளுது 2. ஓட்டறவருதான் பொறுப்பு

பெரியப்பா: ஓட்டறது யாரு

கவின்: நானுங்

பெரியப்பா: நீ பந்திக்கு நிக்கோணும்னு சொன்னனே. காங்கேயத்துப் பையன் ஓட்டட்டும்

பல்லடம் மாமா: மச்சான், அவனுக்கு இந்த ஒத்த மிதி பழக்கமில்லீங். மிதி எடுத்தா வண்டி நிக்கும், தெரியாம மறுபடி மிதிச்சா மேளக்காரன் முதுகுல போயிரும்

காங்கேயம் சித்தப்பா: எம்பையன் லாரியே ஓட்டுவான்

பல்லடம் அத்தை: காதுகுத்துக்கு ஜெனரேட்டர் போட்டவரு சொல்றாரு கேளுங்க

பல்லடம் மாமா: அது டீசல்ல தண்ணி

இரவு 9:40
கவின்: பச்சை லைட்டு வந்துருச்சு. சார்ஜ் ஏறுது

நிவி: 👏

கவின்: மாமா ஒண்ணு. நான் எதையும் அமுத்தல. ஆனா "நாளை அதிகாலை 2 மணிக்கு நிறுவப்படும்"னு தானாவே குறிச்சு வெச்சிருக்குது

பல்லடம் மாமா: அட. அமைப்புல அப்டேட் பக்கம் போயி நேரத்த ரத்து பண்ணு. தானா நிறுவறதையும் ஆஃப் பண்ணு

நிவி: புதன்கிழமைக்கு மாத்து அண்ணா. வீட்ல வைஃபைல, சின்ன பேட்டரிய மாத்திட்டு

இரவு 9:52
கவின்: தானா நிறுவறதுக்கு ஆஃப் இல்லீங். ரத்து பண்ணுனா ஒரு நாள் தள்ளி நிக்குது. திங்கக்கெழம அதிகாலை 2 மணி

சத்யா: முகூர்த்தம் 4:30

பெரியப்பா: 3 மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள லாட்ஜ்லிருந்து கூட்டிட்டு வரோணும்

பல்லடம் மாமா: வெசனப்படாதீங்க. சித்த இருங்க, டைப் பண்றேன்

கோபி சித்தி: பூக்காரரு போன எடுக்கறாரில்ல