கலைச்சொல்: கழற்ற முடியாத ரேமுக்கு என்ன பெயர்?

வணக்கம். மடிக்கணினியில் நினைவகம் கூட்டுவதற்கான கையேட்டில் ஒரு சொல் இன்னும் அமையவில்லை. தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து வரும் ரேமை விற்பனைத் தாள்களில் 'ஒன்போர்ட்' என்கிறார்கள். 'பலகை நினைவகம்' என்றால், ஸ்லொட்டில் இருப்பதும் பலகையில்தானே என்ற கேள்வி வரும். பெயர் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 8 ஜிபி லப்டொப்பை "பிறகு கூட்டலாம்" என்று நம்பி வாங்குபவர், மூடியைத் திறந்த பிறகுதான் ஸ்லொட்டே இல்லையென்று அறிகிறார்.

என் முன்மொழிவு: செருகு நினைவகம், பதி நினைவகம்.

— வெள்ளவத்தை

> செருகு நினைவகம், பதி நினைவகம்

'செருகு' செய்முறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சோடிம் (மடிக்கணினியில் செருகும் ரேம்) அட்டையை ஏறத்தாழ 30 பாகை சரிவில் ஸ்லொட்டின் அடிவரை செருகிவிட்டு, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கவ்விகளும் 'டிக்' என்று பிடிக்கும். முழுதாகச் செருகாமல் அழுத்தினால் கணினி எழும்பாது. அட்டை விளிம்பிலுள்ள வெட்டு ஸ்லொட்டோடு பொருந்தாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்: ரேமின் தலைமுறைகளில் டிடிஆர்4 சோடிமுக்கு 260 தொடுகைகள், அடுத்த தலைமுறையான டிடிஆர்5க்கு 262. அளவில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு.

'பதி' வேண்டாம். செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்துக்கு (ரெஜிஸ்டர்) ஏற்கனவே 'பதிவகம்' என்று பெயர். உயர்தர மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். 'பற்றாசு நினைவகம்' எப்படி? பற்றாசு என்றால் உலோகத்தைப் பற்றவைக்கும் பொருள். செட்டியார் தெரு நகைத் தொழிலுக்கும் சொந்தமான பழஞ்சொல். காரணமும் அதிலேயே தெரிகிறது.

— கொட்டாஞ்சேனை

'பற்றாசு' அழகான சொல். ஆனால் அது இணைத்த முறையைச் சொல்கிறது, வாசகருக்கு வேண்டியதைச் சொல்லவில்லை. 2020இல் வந்த ஆப்பிள் எம்1 கணினிகளில் ரேம் செயலியின் பொதிக்குள்ளேயே (பக்கேஜ்) இருக்கிறது. இன்டெலின் லூனார் லேக் செயலியும் அப்படித்தான். பலகையில் தனிச் சில்லுகளைத் தேடுபவர் ஒன்றையும் காணமாட்டார்.

வகையை வைத்துப் பெயரிடுவதும் சரிவராது. எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேம் வகை) என்றால் கழராது என்பது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. இப்போது அதே வகை ரேம் வரும் எல்பிகாம்2 அட்டையைத் திருகாணி கழற்றி மாற்றலாம். கழருமா, கழராதா என்பது ஒன்றே கேள்வி. ஆகவே 'கழலா நினைவகம்'. "ஆணி கழன்று போச்சு" என்று சொல்பவர் எவருக்கும் இது விளங்கும்.

— தெகிவளை

'கழலா நினைவகம்' என்பதை ஏற்கிறேன். எல்பிகாம்2 செருகுவதில்லை என்பதால் எதிர்ச்சொல் 'கழற்று நினைவகம்' ஆகட்டும். 'செருகு' சோடிமுக்கு மட்டும். பற்றாசு, பொதி இரண்டும் கழலாவின் உள்வகைகள். கையேட்டுப் பகுதி இப்படி வருகிறது:

"வாங்குமுன் விண்டோஸ் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். வடிவம் 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது கழலா நினைவகம். அங்கே காட்டும் ஸ்லொட் எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். கழலாதவையும் அதில் எண்ணப்படலாம். மாதிரி எண்ணை வைத்து உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேட்டையும் பாருங்கள்.

சில கணினிகளில் 8 ஜிபி கழலாததும் ஒரு ஸ்லொட்டும் சேர்ந்திருக்கும். அதில் 8 ஜிபி செருகினால் முழுதும் இரட்டைத் தடத்தில் (இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்லும் வேகமான முறை) ஓடும். 16 ஜிபி செருகினால் மொத்தம் 24. அதில் பொதுவாக 16 ஜிபி இரட்டைத் தடத்திலும் மீதி 8 ஒற்றைத் தடத்திலும் ஓடும். வேகம் சற்றுக் குறைந்தாலும், நிறைய நிரல்களை ஒன்றாகத் திறப்பவருக்கு 24 ஜிபியே நல்லது.

திறக்குமுன் கணினியை முற்றாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, உள்ளே பற்றரி இணைப்பியையும் பிரியுங்கள். டிடிஆர்5 மாற்றியபின் முதன்முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கலாம். அது ரேமைச் சோதித்துப் பழகும் நேரம், இடையில் நிறுத்தாதீர்கள்."

அந்தப் பழகும் வேலைக்கு 'நினைவகப் பயிற்சி' என்று எழுதலாமா? மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

— வெள்ளவத்தை